நிறம் சொல்லாத வாட்

கேரளத்தில் 2025-26 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடம் உண்டு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ பாடநூலோடு 29,000 கருவிப் பெட்டிகளையும் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. கையை நீட்டினால் கிருமிநாசினியை ஊற்றும் கருவி, முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு என்று பிள்ளைகள் ஆர்வமாகச் செய்கிறார்கள். மற்ற மாநிலங்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடுதான்.

அந்த ஆர்வத்தில் ஓரமாக நிற்பது ரெசிஸ்டர் என்ற மின்தடை. 2022 டிசம்பரில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு முதலில் வந்த பெட்டியிலேயே அர்டுயினோ போர்டு, எல்.இ.டி., சர்வோ மோட்டாருடன் அதுவும் இருந்தது. அதன் மேலுள்ள பட்டைகளின் நிறங்களைப் பார்த்து மதிப்பைச் சொல்ல மாணவர்கள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். நிற வரிசையை நினைவில் வைக்க ‘பி.பி.ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்’ என்ற பழைய மனப்பாட வாய்ப்பாடு ஐ.டி.ஐ. வகுப்புகளில் தலைமுறைகளாக ஓடுகிறது. மஞ்சள், ஊதா, பழுப்பு, தங்கம் என்றால் 470 ஓம், 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அத்தோடு பாடம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் கோளாறு.

முதலில், நிறத்தையே முழுக்க நம்ப முடியாது. பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு என்று ஐந்து பட்டை உள்ள ரெசிஸ்டரை இடமிருந்து படித்தால் 1,000 ஓம். திருப்பிப் பிடித்தால் 110 ஓம். இரண்டுமே கடையில் கிடைக்கும் மதிப்புகள். சூடுபட்ட சிவப்பு பழுப்பாகத் தெரியும். ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை வேறு. சந்தேகம் வந்தால் ஒரு முனையைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்துவிடலாம். போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்துப் பாகங்களும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

வாட் விஷயத்தில் மல்டிமீட்டரும் கைவிட்டுவிடும். ரெசிஸ்டர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதை எந்தப் பட்டையும் சொல்வதில்லை; உடலின் அளவுதான் சொல்லும். கால் வாட் ரெசிஸ்டர் சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், அரை வாட் 9, ஒரு வாட் 11 அல்லது 12. வெள்ளைப் பீங்கான் கட்டையாக வருவதில் மட்டும் ‘5 வாட், 10 ஓம்’ என்று எழுதியே இருக்கும். சிறிய உடலில் கூடுதல் வாட் தாங்கும் மெட்டல் ஃபிலிம் வகைகள் வந்துவிட்டதால் இப்போது அளவும் தோராயக் கணக்குதான். கடையில் வாட்டைச் சொல்லி வாங்குவது நல்லது.

பள்ளியில் ஏன் இது உறைப்பதில்லை? 5 வோல்ட்டில் 220 ஓம் வழியாக ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிந்தால் ரெசிஸ்டரில் செலவாவது சுமார் 0.04 வாட். கால் வாட் ரெசிஸ்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே மாணவன் வீட்டில் 12 வோல்ட் அடாப்டரில் 100 ஓமைக் குறுக்கே இணைத்தால் 12 பெருக்கல் 12, வகுத்தல் 100: 1.44 வாட். கால் வாட் ரெசிஸ்டர் கருகி நாறும். மூடிய பெட்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். பொதுவாக 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏற ஏற ரெசிஸ்டரின் தாங்குதிறன் குறையும். கணக்கில் வருவதைப்போல் இரண்டு மடங்கு வாட் போடுவது மெக்கானிக்குகளின் வழக்கம். விண்வெளிக் கருவிகளிலும் பாகங்களை எல்லைக்கு வெகு கீழேயே இயக்குவார்கள்.

அதற்காகப் பெரிதாகப் போட்டால் பத்திரம் என்றும் இல்லை. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) காலத்து இடிமின்னலில் செட்டாப் பாக்ஸும் மோடமும் போவது திருவனந்தபுரத்தில் வருடாவருடம் நடப்பது. அவற்றின் பவர் சப்ளைகள் சிலவற்றில் மின்சாரம் நுழையும் இடத்தில் நிற்பது ஃப்யூசிபிள் ரெசிஸ்டர். பழுது வந்தால் தான் எரிந்து மற்றதைக் காப்பது அதன் வேலை. அந்த இடத்தில் சாதாரண 5 வாட் கட்டையைப் பொருத்தினால் அடுத்த முறை போர்டே எரியும்.

மின்திறன் சூத்திரம் இயற்பியலில், ரெசிஸ்டர் ரோபோட்டிக்ஸில் என்று தனித்தனியே கிடப்பதை ‘கைட்’ ஒரே பிரியடில் சேர்த்துவிடலாம். பெட்டியில் ஒரே 100 ஓமில் கால் வாட், ஒரு வாட், 5 வாட் என மூன்றைப் போட்டு, ஆசிரியர் முன்னிலையில் 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் செய்தால் போதும். சில்லறைச் செலவு. அடுத்த ஆண்டுப் பெட்டிக்கு டெண்டர் விடும்போதே சேர்த்துக்கொள்ளலாம்.