பிளாக்மெயில் யாருடைய வேலை?

சங்கம் மகஜர் கொடுத்தால் முதலாளிமார் அதை ஒரு பக்கம் வைத்துவிடுகிறார்கள். பேச்சுவார்த்தை முறிந்து, வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு என்று அறிவித்தால் மட்டும் "இது பிளாக்மெயில்" என்று கூக்குரல் எழுகிறது. நம்மவரில் சிலரும், ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல் தலை குனிகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

மெயில் என்றதும் தபால் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்துப் பேச்சில் அதற்குக் குத்தகைப் பணம் என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் குதிரையேறி வந்து கால்நடைகளைக் கொள்ளையிடும் கூட்டங்கள் இருந்தன. அவற்றின் தலைவர்களுக்குப் பணமோ தானியமோ மாடோ கொடுத்துவிட்டால் குடியானவனின் உடைமை தப்பும். நிலக்கிழாருக்கு ஒரு குத்தகை. கொள்ளைக்காரனுக்கு இன்னொரு குத்தகை. இந்த இரண்டாவதுதான் கறுப்புக் குத்தகை, அதாவது பிளாக்மெயில். 1601-இல் எலிசபெத் ராணி காலத்துப் பார்லிமெண்டு அதைத் தடுக்கச் சட்டம் செய்தது. வாங்கியவன் மட்டுமல்ல, கொடுத்தவனும் குற்றவாளி என்றது அந்தச் சட்டம். கொடுக்காவிட்டால் கொள்ளைக்காரன் வருவான், கொடுத்தால் சர்க்கார் வரும்! இரகசியத்தை வெளியிடுவதாகச் சொல்லிப் பணம் பறிப்பது என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆக, ஆயுதமும் ஆள்பலமும் உள்ளவன் இல்லாதவனிடம் பறித்ததற்கு வைத்த பெயர் இது. உழைத்ததற்குக் கூலி கேட்பவன் மேல் அதை ஒட்டுவது எப்படிப் பொருந்தும்?

நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் 383-ஆம் பிரிவில் மிரட்டிப் பறித்தலையும், 503-ஆம் பிரிவில் குற்ற மிரட்டலையும் சொல்கிறது. இரண்டிலும் உயிரான சொல் 'தீங்கு'. 44-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள்: சட்டவிரோதமாக விளைவிக்கும் தீங்கே தீங்கு. சட்டப்படி இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, வேலையை நிறுத்துவோம் என்று முன்கூட்டிச் சொல்வது இதில் எங்கே அடங்கும்?

நீதிமன்றங்கள் எப்போதும் நம் பக்கமே பேசின என்று சொல்வதற்கில்லை. லண்டன் விமான நிலையத்தில் பி.ஓ.ஏ.சி. கம்பெனியில் வரைபடக்காரராக இருந்த ரூக்ஸ் என்பவர் சங்கத்தை விட்டு விலகினார். அவரை நீக்காவிட்டால் வேலைநிறுத்தம் என்று சங்கத்தார் அறிவித்தார்கள். 1956-இல் அவர் வேலை போயிற்று. ஒப்பந்தத்தை மீறி வேலைநிறுத்தம் செய்வோம் என்பதும் மிரட்டலே என்று 1964-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மறு ஆண்டே பார்லிமெண்டு தொழில் தகராறுச் சட்டம் செய்து சங்கங்களுக்குப் பாதுகாப்பளித்தது. அந்தப் பாதுகாப்பை வரவேற்கிறோம். ஆனாலும் விலகிப்போன ஒருவனின் சோற்றில் கை வைப்பது நமக்கு உவப்பான காரியமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். பால்மரத் தோட்டத்தில் வேலையும் லயத்து வீடும் ஒரே முடிச்சாக இருந்தன. வேலை போனால் வீடும் போகும். பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இதைத் துரை வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே கூட்டத்துக்குப் போகாமல் நின்றவர்கள் எத்தனை பேர்! போனவனுக்குப் பால் வற்றிய கிழட்டு மரங்களுள்ள நிரை கிடைக்கும். அப்போதெல்லாம் பிளாக்மெயில் என்று எந்தக் கிராணியும் கணக்கில் எழுதவில்லை.

மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் இதை அறிந்தே பேசுகிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நீக்குவது மட்டுமல்ல, நீக்குவதாக மிரட்டுவதும், வேலை நிலையைப் பாதகமாக மாற்றுவதாக மிரட்டுவதும் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. மிரட்டிச் சங்கத்தில் சேர்ப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. நியாயந்தான், பயந்து சேர்ந்தவன் ஆபத்து வந்தால் முதலில் ஓடுவான்.

அடுத்த முறை பேச்சு மேசையில் அந்தச் சொல் விழுந்தால் நம் பிரதிநிதிகள் எதிர்த்துக் கத்த வேண்டாம். "என்ன தீங்கு? எந்தச் சட்டத்துக்கு விரோதம்?" என்று நிதானமாகக் கேட்டு, நிர்வாகம் சொல்லும் பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லட்டும்.