சிற்றலை வழியே செல்லும் அஞ்சல்

கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் காலை வேளையில் செவிகொடுத்து நிற்போருக்கு மலையாளத்தோடு கன்னியாகுமரித் தமிழும் கேட்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கிராமங்களின் மீனவர் நெடுங்காலமாக இத்துறையைத் தளமாகக் கொண்டு, சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். புறப்பட்ட படகு திரும்புவதற்கு இரண்டு வாரமும் ஆகும், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். படகிலுள்ள வி.எச்.எஃப். வானொலியோ நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. பூமியின் வளைவு குறுக்கிடுவதால், சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் அது ஊமையாகிவிடும்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது, தொலைவிலிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பின்னர் 68 படகுகள் 952 பேருடன் மகாராஷ்டிரத்துத் தேவ்கட் துறையில் கரை சேர்ந்தன என்ற செய்தி வந்தது. லட்சத்தீவுகளில் ஒதுங்கியோரும் உண்டு. யார் எங்கே உயிரோடிருக்கிறார் என்பதே அந்நாட்களில் ஒவ்வொரு வீட்டின் கேள்வியாக இருந்தது. அலுவலகங்களின் பட்டியல்களோ ஒன்றுக்கொன்று மாறுபட்ட எண்ணிக்கைகளைக் காட்டின.

அதன் பின்னர் அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2024 ஜனவரியில் இஸ்ரோ, அபாய அறிவிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறையை அறிவித்தது. கடலிலிருந்து எழும் குறிப்புக்குக் கரையிலிருந்து பதிலும் இதில் கிடைக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு லட்சம் படகுகளில் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகளைப் பொருத்தும் திட்டம் பால்கரில் தொடங்கப்பெற்றது. படகுக்கு இவையே தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கரையோரத்திலும் தீவுகளிலும் தொலைபேசிக் கோபுரமும் மின்சாரமும் வீழ்ந்துவிட்டால், நீண்ட பட்டியலொன்றை எவ்வழியே அனுப்புவது? இக்கேள்விக்கு அமெச்சூர் வானொலியர், அதாவது ஹாம் எனப்படுவோர், பல்லாண்டுகளாக விடை வைத்திருக்கின்றனர். அதனைக் கொச்சியும் தீவுகளும் கைக்கொள்ளாதிருப்பது குறையே.

அவ்விடை சிற்றலை வழியே செல்லும் மின்னஞ்சலாகும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகள், பூமிக்கு மேல் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகின்றன. இதற்குக் கோபுரமும் வேண்டாம், கடலடிக் கம்பியும் வேண்டாம். கணிப்பொறியிலுள்ள மோடம் மென்பொருள் கடிதத்தைப் பற்பல சுருதிகளின் கலவையாக மாற்றி, வானொலியின் ஒலிவாங்கி வழியே செலுத்துகிறது. மறுமுனையிலுள்ள கணிப்பொறி அவ்வொலியை மீண்டும் எழுத்தாக்குகிறது. கடிதம் சிறு துண்டங்களாகச் செல்வதால், ஒவ்வொரு துண்டமும் பழுதின்றி வந்ததா என்று சோதிக்கப்படும். பழுதுபட்டதை மறுமுனை திரும்பக் கேட்டுப் பெறும். ஜெர்மனியில் உருவான பாக்டர் முறைக்குத் தனி மோடம் பெட்டி தேவைப்பட்டது. வாரா, ஆர்டாப் ஆகிய பிற்கால முறைகளுக்குக் கணிப்பொறியின் ஒலி அட்டையே போதும். இவற்றைக் கொண்டு உலகெங்கும் அஞ்சலைச் சேர்ப்பிக்கும் அமெச்சூர் அமைப்பு வின்லிங்க் எனப்படும்.

வேகத்தைக் குறித்து மயக்கம் வேண்டாம். வினாடிக்கு 500 பிட் என்ற எளிய வேகத்தை எடுத்துக்கொள்வோம். 952 பேரின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றை ஆளுக்கு 40 ஆங்கில எழுத்தில் அடக்கினால், முழுப் பட்டியலும் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும். குரலில் வாசித்தால், ஆளுக்குப் பத்து வினாடி வீதம் இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். ஒரே பெயர் பலருக்கு இருக்கும் கடற்கரையில், கேட்டெழுதுபவர் எத்தனை இடத்தில் பிழைசெய்வார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாறாக, கைப்பேசியில் எடுத்த மூன்று மெகாபைட் படமொன்றுக்கு இவ்வேகத்தில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே இது எழுத்துக்கான வழியே தவிரப் படத்துக்கானதன்று. தமிழில் எழுதினால், யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டியிருக்கிறது. இங்கும் தமிழுக்குக் கூடுதல் கட்டணம்தான்! மென்பொருள் கடிதத்தைச் சுருக்கி அனுப்புவதால் அதில் ஒரு பகுதி மீளும்.

கொச்சிக்கும் கவரத்திக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர் தூரம். கடலடிக் கம்பி 2024 ஜனவரியில்தான் தீவுகளுக்கு முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளே துணை. இத்தூரத்துக்குப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸும் இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸும் பெரும்பாலும் ஏற்றவை. 14 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினாலோ, அலை தீவைத் தாண்டிக் குதித்து எங்கோ தொலைதேசத்தில் இறங்கக்கூடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ இருபது மீட்டர் நீளக் கம்பி வேண்டும். அதனை இரு தென்னைகளுக்கிடையே ஏழெட்டு மீட்டர் உயரத்தில் கட்டினால், அலை செங்குத்தாக எழுந்து அருகிலேயே இறங்கும். உப்புக் காற்று இணைப்புகளை அரிப்பதும், மழைக்கால இடிமின்னலின் இரைச்சல் அஞ்சலைத் தாமதப்படுத்துவதும் உண்மை. தாமதமாயினும் துண்டங்கள் சோதிக்கப்படுவதால் எழுத்துப் பிழைபடாது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழுவொன்று போர்ட் பிளேரில் இருந்தது. உலக ஹாம்களோடு தொடர்புகொள்ளும் முயற்சிக்காகவே அவர்கள் சென்றிருந்தனர். அத்தீவுகளின் செய்தி வெளியுலகை எட்ட அவர்களது நிலையம் பெரிதும் உதவிற்று. போற்றத்தக்க தொண்டே எனினும், அவர்கள் அந்நாளில் அங்கிருந்தது தற்செயல். அடுத்த இடுக்கணிலும் அத்தகைய தற்செயல் வாய்க்குமென்று இருந்துவிடலாகாது.

சட்டத்தின் எல்லையையும் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டும். தேர்வெழுதி உரிமம் பெற்றவரே நிலையத்தை இயக்கலாம். ஐஸ் எத்தனை பெட்டி, சூரை என்ன விலை என்ற வியாபாரச் செய்திக்கு இதில் இடமில்லை. பொருளை மறைக்கும் சங்கேதம் கூடாது. ஆதலால் இதனை மூடிய உறையாகக் கருதாமல் அஞ்சலட்டையாகவே கருத வேண்டும். பிறர் செய்தியை நாடு கடந்து எடுத்துச் செல்வதற்கு, ஆபத்துக் காலத்துக்கும் நிவாரணப் பணிக்கும் மட்டுமே சர்வதேச விதி இடமளிக்கிறது. வானொலி அஞ்சலை இணையத்தோடு இணைக்கும் நிலையங்களைக் குறித்துத் தொலைத்தொடர்பு இலாகா எளிய சொற்களில் ஒரு விளக்கம் வெளியிட்டால், தயங்கி நிற்கும் பள்ளிகளும் சங்கங்களும் முன்வரும்.

கருவியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் ஆபத்து நாளில் அது இயங்காது. மின்கலம் வற்றியிருக்கும், கடவுச்சொல் மறந்திருக்கும், எந்த நேரத்தில் எந்த அலை செல்லும் என்பது எவருக்கும் தெரிந்திராது. ஜூன், ஜூலை மாதங்களில் தடைக்காலத்தை முன்னிட்டுப் படகுகள் தோப்பும்படியில் கட்டிக்கிடக்கின்றன. அந்நாட்களில் ஆசிரியர் ஒருவரும் மீன்வள ஊழியர் ஒருவரும் சேர்ந்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு மின்கலத்தை மட்டும் கொண்டு, வாரம் ஒரு பட்டியலைக் கவரத்திக்கு அனுப்பிப் பார்க்கலாம். சென்ற நேரம், பயன்பட்ட அலை, திரும்பக் கேட்ட துண்டங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மாணவர்கள் குறிப்பேட்டில் பதியட்டும். இரு மழைக்காலக் குறிப்புகள் சேர்ந்துவிட்டால், நள்ளிரவில் புயல் வரும்போது எந்த அலையில் தொடங்க வேண்டும் என்பதை அக்குறிப்பேட்டைத் திறந்து பார்த்தே அறியலாம்.