கறியா? கர்ரியா?

"கறி எடுத்துட்டு வா" என்று பல்லடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பையைக் கொடுத்து அனுப்பினால், யாரும் கத்தரிக்காய் வாங்கி வரமாட்டார்கள். கொங்கு நாட்டில் கறி என்றால் இறைச்சிதான். பல்லடத்தில் அறிவிக்கப்படும் பிராய்லர் விலையைக்கூட பத்திரிகைகள் 'கறிக்கோழி விலை' என்றே போடுகின்றன.

இந்தக் கறிதான் ஆங்கிலத்தில் 'கர்ரி' ஆனது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் "அது இங்கிலாந்தின் சொந்தச் சொல்" என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் ஆதாரம், 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த 'தி ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்ற சமையல் நூல். க்யூரி, கர்ரி... காதுக்கு ஒன்றுபோல இருக்கிறது அல்லவா?

இருக்கிறது. ஆனால் பொருள் வேறு. 'க்யூரி' பிரெஞ்சு வழியாக வந்த சொல். சமையல் என்பதே அதன் பொருள். அது எந்தக் குழம்பின் பெயரும் அல்ல. தமிழ்க் கறி போன வழியோ தெளிவாக இருக்கிறது. போர்த்துக்கீசியர் அதை 'கரில்' என்று எழுதினார்கள். டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் பயண நூல் 1598-ல் ஆங்கிலத்தில் வந்தபோது, சோற்றின் மேல் ஊற்றும் மீன் குழம்பின் பெயராக அச்சொல்லும் உடன் வந்தது. 1747-ல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கர்ரிக்குச் செய்முறையே கொடுத்துவிட்டார். ஆக்ஸ்போர்டு அகராதியும் தமிழையே காட்டுகிறது.

ஆகவே இந்த வழக்கில் தமிழுக்குத்தான் வெற்றி! ஆனால் வென்றது ஆதாரத்தால், ஓசையால் அல்ல. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகவே கண்ட ஆங்கிலச் சொல்லையெல்லாம் தமிழ் என்பவர்கள், க்யூரிக்காரர்கள் செய்த அதே தவறைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. எல்லாக் குழம்பையும் 'கர்ரி' என்ற ஒரே சட்டியில் போட்டுவிட்டதாக வெள்ளைக்காரரைக் குறை சொல்கிறோம். இங்கே நடந்தது என்ன? சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதைச் சொல்லும் அகநானூற்றுப் பாட்டில் மிளகின் பெயர் கறிதான். யாழ்ப்பாணத்தில் பருப்பும் கறிதான். காய்கறியிலும் கறிவேப்பிலையிலும் இறைச்சி ஏது? அத்தனை பொருள் கொண்ட சொல்லை இறைச்சிக் கடையோடு நிறுத்திக்கொண்டது யார்?

லண்டன் ஓட்டல் பலகையில் ஒரு தமிழ்ச் சொல் இருப்பது பெருமைதான். அதன் எல்லாப் பொருளும் சொந்த ஊரில் தெரிந்திருப்பது அதைவிடப் பெருமை.