பூட்டிய வீட்டில் நாய்க்குட்டி

காலை 7 மணி. ஆலங்குளத்தில் ஒரு வீடு.

ஆலங்குளம் என்றால் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. விருதுநகர் மாவட்டத்தில், 1970-ம் ஆண்டு அரசு சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கிய ஆலங்குளம்.

அப்பா ஷிப்டு வேலைக்குக் கிளம்பி விட்டார். தெருமுனையில் பட்டாசு ஆலை வேன் "பாம் பாம்" என்று கூப்பிடுகிறது. அம்மா தூக்குவாளியை எடுத்துக் கொண்டு ஓடுகிறாள். பிள்ளைகள் பையை மாட்டிக் கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். கதவைப் பூட்டியாயிற்று.

வீட்டில் யாரும் இல்லையா? இருக்கிறது ஒரு ஜீவன்!

வெள்ளை வெளேர் என்று ஒரு நாய்க்குட்டி. வயது 2 மாதம். இந்த வீட்டுக்கு வந்து 3 நாள்தான் ஆகிறது. அதாவது, தாயை விட்டுப் பிரிந்தும் 3 நாள்தான் ஆகிறது. மாடிப்படியின் கீழே முழ நீளக் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பால் சோறு. இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர்.

8 மணிக்குத் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து விட்டது. 9 மணிக்குப் பால் சோற்றில் எறும்பு ஏறி விட்டது. குட்டி கத்துகிறது. யாரும் வரவில்லை. மறுபடியும் கத்துகிறது. கத்திக் கத்தி ஓய்ந்து, தன் ஈரத்திலேயே படுத்துக் கொள்கிறது. கதவு திறக்க மாலை 6 மணி ஆகும்.

இது ஏதோ ஒரு வீட்டை மட்டும் குறிப்பிட்டுச் சொல்லும் கதை அல்ல. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் அப்படிப்பட்ட வீடுகள்தானே அதிகம்?

நாய் வளர்ப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல காரியம்தான். ஆனால் ஒன்று. பகல் முழுவதும் ஆள் இல்லாத வீட்டுக்குப் பால்மணம் மாறாத குட்டியைக் கொண்டு வருவது தவறு. அது அன்பும் ஆகாது, காவலும் ஆகாது.

காவலுக்குக் குட்டியா?

"வீடு சும்மா கிடக்கிறது. ஒரு நாய் இருந்தால் காவலாக இருக்குமே!" என்று சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். 2 மாதக் குட்டி யாரைக் காவல் காக்கும்? அதற்கே காவல் வேண்டும்! பூனை வந்தாலும் பயப்படும். பெருச்சாளி வந்தாலும் பயப்படும்.

நாய் உண்மையில் எதைக் காவல் காக்கிறது? சுவரையும் பூட்டையும் அல்ல. தன் மனிதர்களைக் காக்கிறது. அவர்களோடு பழகி, அவர்கள் வாசனை தெரிந்து, குரல் தெரிந்து, "இவர்கள் என்னுடையவர்கள்" என்ற எண்ணம் வந்த பிறகுதான் அது காவல் நாய் ஆகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. சுமார் 1,400 ஆண்டுப் பழமை. மந்தையைக் காக்கப் போராடி உயிர் விட்ட ஒரு வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன்.

கோவிவன் எங்கே நின்றது? எஜமானன் பக்கத்தில் நின்றது! அதை ஆளில்லாத வீட்டில் கட்டிப் போட்டிருந்தால் இந்தப் புகழ் கிடைத்திருக்குமா?

அந்தக் காலம் வேறு

பெரியவர்கள் சிலர் சிரிப்பார்கள். "நாங்கள் வளர்க்காத நாயா? அதற்கு யார் தாலாட்டுப் பாடினார்கள்? மீந்த கஞ்சியை ஊற்றினோம். தானாக வளர்ந்தது" என்பார்கள்.

அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் தாத்தா இருப்பார். முற்றத்தில் பாட்டி இருப்பாள். தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள். குட்டி திண்ணைக்கும் தெருவுக்கும் ஓடும். பசித்தால் நாலு வீட்டு வாசலில் நிற்கும். தூக்கம் வந்தால் பாட்டியின் காலடியில் சுருண்டு கொள்ளும். அதற்குத் தாலாட்டு தேவைப்படவில்லை. ஏனென்றால் அது தனியாக இருந்ததே இல்லை.

இன்று திண்ணை போய் விட்டது. இரும்புக் கம்பி அடைப்பு வந்து விட்டது. தாத்தாவும் பாட்டியும் வேறு ஊரில் இருக்கிறார்கள். வீடு மாறிப் போயிற்று. குட்டி மாறவில்லை. அது அன்று எப்படிப் பிறந்ததோ, அப்படியேதான் இன்றும் பிறக்கிறது. கூட்டத்தில் பிறந்து, கூட்டத்தில் வாழ்கிற பிராணி அது.

குட்டியின் உடம்பு என்ன சொல்கிறது?

2 மாதக் குட்டிக்கு வயிறு சிறிது. ஒரே வேளையில் நிறைய உண்ண முடியாது. நாளைக்கு 3, 4 தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். சிறுநீரை அடக்கும் சக்தியும் குறைவு. 2, 3 மணி நேரத்துக்கு மேல் அதனால் அடக்க முடியாது. 10 மணி நேரம் பூட்டி விட்டுப் போய், மாலையில் வந்து "வீட்டை அசிங்கப்படுத்தி விட்டாயே!" என்று அடிப்பது நியாயமா? எதற்காக அடி விழுகிறது என்பதே அதற்குப் புரியாது. "மனிதர் வந்தால் அடி விழும்" என்பது மட்டும் மனதில் பதியும்.

நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்கிறது. நம் வட்டாரத்து சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழே, தண்ணீர் கவிழ்ந்து போன நிலையில் கட்டிப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அதன் காதும் கூர்மை. மனிதனுக்குக் கேட்காத மிக நுட்பமான ஒலியும் நாய்க்குக் கேட்கும். நமக்கே தூக்கிப் போடும் வெடிச் சத்தம் அதற்கு எப்படி இருக்கும்? பக்கத்தில் ஆள் இருந்தால் மடியில் ஒண்டிக் கொள்ளும். யாரும் இல்லாவிட்டால் எங்கே ஒண்டும்?

இன்னொரு விஷயம். பிறந்த 3-வது வாரம் முதல் சுமார் 14-வது வாரம் வரை குட்டி உலகத்தைப் படிக்கிற காலம். மனிதர் யார், பிள்ளைகள் யார், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை அப்போதுதான் கற்றுக் கொள்கிறது. அந்த நாட்களில் மாடிப்படியின் கீழே தனியாகக் கிடந்தால் வளர்ந்த பிறகு எப்படி இருக்கும்? வந்தவரைப் பார்த்து நடுங்கும். அல்லது கடிக்கும். அப்புறம், "இது கெட்ட நாய்" என்று சொல்லித் தொலைதூரத்தில் கொண்டு போய் விட்டு விடுவார்கள். கெடுத்தது யார்?

ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்களுக்கு

நம் பக்கத்து ராஜபாளையம் நாய் உலகறிந்த ஜாதி. வெள்ளை உடல், ரோஜா நிற மூக்கு. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2005-ம் ஆண்டில் இந்தியத் தபால் துறை அதன் படம் போட்டுத் தபால்தலையே வெளியிட்டது. நமக்குப் பெருமைதான்.

ஆனால் இந்த ஜாதியில் காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன. வாங்குமுன் குட்டிக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். திரும்புகிறதா என்று கவனியுங்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு விதியே இருக்கிறது. "சின்னதாக இருந்தால்தான் பழகும்" என்று தாயின் மடியிலிருந்து பறித்து வராதீர்கள். இது ஓடி வளர வேண்டிய நாய். கயிற்றிலேயே காலம் தள்ளுகிற நாய் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

பரதக் கலைக்குப் பேர் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் உறுப்பினராக இருந்தபோது, வாயில்லா ஜீவன்களுக்காகக் குரல் கொடுத்தார். அந்த முயற்சியின் பலனாக 1960-ம் ஆண்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிராணியை நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியிலோ கயிற்றிலோ கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை ஓடியாட விடாமல் இருப்பதும் குற்றம். சோறு, தண்ணீர், நிழல் தராமல் இருப்பதும் குற்றம்.

முதல் தடவைக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். 50 ரூபாய்க்கு இன்று யார் பயப்படுவார்கள்? ஆனால் மனச்சாட்சிக்கும் விலை 50 ரூபாய்தானா?

அப்படியானால் உழைப்பாளி வீட்டில் நாயே கூடாதா?

ஏன் கூடாது? தாராளமாக வளர்க்கலாம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பணக்காரருக்கு மட்டும்தான் நாய் என்று யார் சொன்னது? கொஞ்சம் திட்டம் போட வேண்டும். அவ்வளவுதான்.

முதலாவது, காலம் பார்த்துக் கொண்டு வாருங்கள். தீபாவளிக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். வேலை அதிகம், வெடியும் அதிகம். தீபாவளி முடிந்ததும் நம் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் பலவற்றில் சில வாரங்கள் வேலை இருக்காது. கூலிக்காரருக்கு அது கஷ்டமான காலந்தான். ஆனாலும் வீட்டில் ஆள் இருக்கும் காலம் அது. வெடிச் சத்தமும் ஓய்ந்திருக்கும். வெயிலும் தணிந்திருக்கும். குட்டியை அப்போது கொண்டு வந்தால், அடுத்த தீபாவளிக்குள் அது வளர்ந்து விடும்.

இரண்டாவது, பக்கத்து வீட்டைக் கூட்டுச் சேருங்கள். "அக்கா, மத்தியானம் மட்டும் குட்டியைக் கொஞ்சம் வெளியே விட்டு, ஒரு வாய் கஞ்சி ஊத்திருங்க" என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? அவர்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தானே அது காவல் நிற்கப் போகிறது?

மூன்றாவது, தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். முதல் நாள் 5 நிமிடம். பிறகு 10 நிமிடம். பிறகு அரை மணி. போகும்போது கட்டிப் பிடித்துக் கொஞ்ச வேண்டாம். வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். "போனவர் திரும்பி வருவார்" என்ற தைரியம் அதற்கு வந்து விடும்.

நான்காவது, கட்டிப் போடாமல் ஒரு மூலையை அடைத்துக் கொடுங்கள். நிழலும் காற்றும் வேண்டும். தண்ணீருக்குக் கவிழாத கனமான மண்சட்டி நல்லது. நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்றைப் போடுங்கள். உங்கள் வாசனையில் நிம்மதியாகத் தூங்கும். கடிப்பதற்கு ஏதாவது கொடுங்கள். மின்சாரக் கம்பி, எலி மருந்து, தீப்பெட்டி, பட்டாசு எதுவும் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

ஐந்தாவது, பட்டாசு வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவி, துணி மாற்றிய பிறகே குட்டியைத் தூக்குங்கள். துணியில் ஒட்டிய மருந்துத் தூளை அது நக்கி விடும். குழந்தைக்கு எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படித்தான் இதற்கும்.

ஆறாவது, தடுப்பூசியை மறக்காதீர்கள். எப்போது எந்த ஊசி என்று அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி குட்டிக்கு 3 மாதம் ஆனதும் போட வேண்டும். பிள்ளைகள் விளையாடுகிற வீட்டில் இது மிக முக்கியம்.

இந்த ஆறும் முடியாதா? அப்படியானால் வளர்ந்த நாயாகப் பார்த்து வளர்க்கலாம். தெருவில் நல்ல குணத்தோடு திரியும் நாய் ஒன்றுக்குத் தினம் சோறு வைத்து, ஊசி போட்டுப் பாருங்கள். வாசலை விட்டு நகராது. அதுவும் முடியாதா? காத்திருங்கள். பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும். வேலை நேரம் மாறட்டும். "இப்போது வேண்டாம்" என்று சொல்வதும் ஓர் அன்புதான்.

பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும். "நாம் எல்லோரும் போய் விட்டால் அது யாரோடு இருக்கும்?" என்று அவர்களையே கேளுங்கள். பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும். பெரியவர்களுக்குத்தான் புரியச் சற்று நேரம் ஆகிறது.

வீட்டுக்குப் பூட்டு போதும். குட்டிக்கு ஆள் வேண்டும்.