சத்திரத்தின் பெயரில் ஒரு நகரம்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து போகிறவர்களின் பயணத் திட்டத்தில் காத்மாண்டுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: 'முதல் நாள் - வருகை, ஓய்வு.' மனசு 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, 1,400 மீட்டரில் இருக்கும் ஊரை யார் கவனிப்பார்கள்? ஆனால், மலைக்குப் போய் நல்லபடியாகத் திரும்புவதற்கான பல காரியங்கள் இந்த ஊரிலேயே முடிவாகிவிடுகின்றன.

இந்தியாவிலிருந்து போகிறவருக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். இறங்கியதும் கைக்கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ள வேண்டும். கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஆண்டு சுமார் 57 கூடுதலாக இருக்கும். அது விக்ரம் சம்வத் கணக்கு. 100 இந்திய ரூபாய் கொடுத்தால் 160 நேபாள ரூபாய். கடைப் பலகைகள் எல்லாம் தேவநாகரி எழுத்தில் இருப்பதால், ஹிந்தி படிக்கத் தெரிந்தவருக்கு அதிகம் அந்நியமாகத் தோன்றாது.

பனிமலையைத் தேடும் கண்ணுக்கு முதலில் அகப்படுவது புழுதியும், பைக் கூட்டமும், தலைக்கு மேல் சிக்குப் பிடித்துக் கிடக்கும் கம்பிகளும்தான். மழை பெய்து வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் காலைகளில் மட்டும், வடக்கே லாங்டாங், கணேஷ் ஹிமால் சிகரங்கள் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். 'எவரெஸ்ட் எங்கே?' என்று ஹோட்டல் மொட்டை மாடியில் தேடுவது வீண்.

மலை தெரியாவிட்டால் என்ன, மலைப் பயணம் இந்த ஊரின் பெயரிலேயே இருக்கிறது. பழைய அரண்மனைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள காஷ்டமண்டபம்தான் நகரத்துக்குப் பெயர் தந்தது. காஷ்டம் என்றால் மரம். ஒரே மரத்தை வெட்டி முழு மண்டபத்தையும் கட்டினார்கள் என்று கதை சொல்கிறார்கள். திபெத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே சரக்கு கொண்டுபோன வணிகர்கள் தங்கி, களைப்பாறி, அடுத்த கணவாயைக் கடக்கத் தயாரான சத்திரம் அது. காத்திருக்கும் பயணிக்காகவே உண்டான கட்டடத்தின் பெயரை ஒரு தலைநகரம் சுமந்துகொண்டிருக்கிறது.

2015 ஏப்ரல் 25-ம் தேதி பூகம்பத்தில் அந்த மண்டபம் இடிந்து விழுந்தது. அப்போது உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. நாடு முழுவதும் இறந்தவர்கள் ஏறக்குறைய 9,000 பேர். அதே அதிர்ச்சியில் எவரெஸ்ட் அடிவார முகாமின் மீதும் பனிச்சரிவு பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு உள்ளூர் மக்கள் முன்நின்று மண்டபத்தைப் பழைய முறையில் மரத்திலேயே எழுப்பினார்கள். புது மரத்தின் நிறத்தைப் பார்க்கும்போதே புரியும்: இந்த ஊருக்கு மலை என்பது போட்டோவுக்கான பின்னணி அல்ல. நகரத்தைத் தாங்குவதும் ஆட்டுவதும் ஒரே பூமிதான்.

அங்கிருந்து இந்திரசௌக், அசன் கடைவீதிகள் வழியாக நடந்தே தமேலுக்குப் போய்விடலாம். பித்தளைப் பாத்திரம், மசாலா, உலர்ந்த மீன் வாசனை எல்லாம் தாண்டினால், வரிசையாக மலையேற்றச் சாமான் கடைகள். பிரபல பிராண்டுகளின் பெயர் தைத்த ஜாக்கெட்டுகளில் பல நகல்தான். பேரம் பேசினால் விலை இறங்கும். குளிருக்கான கனத்த ஜாக்கெட்டும் தூங்கும் பையும் வாடகைக்கே கிடைக்கும். ஷூவை மட்டும் இங்கே புதிதாக வாங்கக் கூடாது. ஊரிலேயே போட்டு நடந்து பழகாத ஷூ, இரண்டாம் நாளே குதிகாலைக் கொப்பளமாக்கிவிடும்.

தமேலில் இன்னொரு கணக்கும் உண்டு. லுக்லா செல்லும் சிறிய விமானங்களில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. அதற்குப் பிறகு அந்தப் பை ஏறப்போவது ஒரு சுமைதூக்கியின் முதுகில். நெற்றியில் பட்டையை மாட்டி, பெரும்பாலும் இரண்டு பேரின் பையைச் சேர்த்துச் சுமந்து ஏறுகிறவர் அவர். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்துவைக்கும் மூன்றாவது ஸ்வெட்டரின் எடை அவருக்குத்தான் தெரியும். அவருக்குக் காப்பீடு இருக்கிறதா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா, இரவு எங்கே தூங்குவார் என்று பயண ஏஜென்டிடம் கேட்க வேண்டிய இடம் காத்மாண்டுதான். பணம் கட்டி மலையேறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வயிற்றுக்கும் இதே விதி. தெருவோரப் பானிபூரியும் குழாய்த் தண்ணீரும் இப்போது வேண்டாம். திரும்பி வந்தபின் ஆசை தீரச் சாப்பிடலாம். சூடான மோமோவும் பருப்பு சாதமும் போதும். இங்கே 'தால் பாத் பவர், 24 மணி நேரம்' என்று டி-ஷர்ட்டே விற்கிறார்கள்!

காத்மாண்டுவின் உயரம் உடம்பைப் பழக்கப் போதாது. லுக்லா 2,860 மீட்டர், நாம்சே 3,440 மீட்டர். அதனால்தான் நாம்சேயில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கவைக்கிறார்கள். உயர நோய்க்கான மாத்திரை தேவையா என்பதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. மேகம் சூழ்ந்தால் லுக்லா விமானம் நாள்கணக்கில் தள்ளிப்போகும். சீசன் நாள்களில் நள்ளிரவே கிளம்பி, பல மணி நேரம் சாலையில் போய், ராமேசாப்பிலிருந்து விமானம் ஏற வேண்டியும் வரலாம். திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள்களாவது காலியாக விட்டுவைக்காதவர், அந்தப் பதற்றத்தையும் சுமந்துகொண்டுதான் நடப்பார்.

மிச்சமிருக்கும் ஒரு மாலையை பௌத்தநாத் ஸ்தூபிக்குக் கொடுக்கலாம். பாட்டிகளும் குழந்தைகளும் பிக்குகளும் ஜபமாலையோடு வலம் வந்துகொண்டே இருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் முந்துவதில்லை. மேலே போனதும் வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதே பாடம்தான்: 'பிஸ்தாரை, பிஸ்தாரை.' மெதுவாக, மெதுவாக.