எடுக்காத காட்சியை எங்கே தேடுவது?

1994-இல் ரசல் மல்காஹி இயக்கத்தில் அலெக் பால்ட்வின் நடித்து வெளியான ‘தி ஷேடோ’ படத்துக்கு, இன்னும் நீளமான வடிவம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று நம்பும் ரசிகர்கள் உண்டு. 1930களின் மலிவு விலைச் சாகச இதழ்களில் கோலோச்சியவன் படத்தின் நாயகன் ஷேடோ. கண்ணாடி மண்டபத்தில் நடக்கும் இறுதி மோதல் சட்டென்று முடிந்துவிடுவதில் அந்த ரசிகர்களுக்கு ஆதங்கம்.

அந்த அவசரம் படத்தொகுப்பு மேசையில் பிறந்ததல்ல. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலீஸை உலுக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அந்தக் கண்ணாடி அரங்கம் நொறுங்கியது. திட்டமிட்டபடி மோதலைப் படமாக்க முடியவில்லை. எடுக்காத காட்சி எந்தக் கிடங்கிலும் கிடைக்காது.

அதற்காக ரசிகர்களின் வேட்கையை ஒதுக்கித் தள்ளுவது நியாயமல்ல. ‘சூப்பர்மேன் 2’ படத்திலிருந்து பாதியில் நீக்கப்பட்ட இயக்குநர் ரிச்சர்ட் டோனரின் வடிவம் 2006-இல் வெளிவந்ததில் ரசிகர்களின் விடாப்பிடிக்கும் பங்குண்டு. அதிலும், டோனர் எடுக்காமல் விட்ட ஒரு முக்கியக் காட்சியின் இடத்தில், நடிகர் தேர்வின்போது பதிவான ஒத்திகையைத்தான் சேர்த்தார்கள். பார்வையாளர்களிடம் அதை மறைக்கவும் இல்லை.

அந்த நேர்மையைத்தான் மற்ற ஸ்டுடியோக்களிடமும் கேட்க வேண்டும். வெட்டிய படச்சுருள்களில் எவை பெட்டியில் உள்ளன, எந்தக் காட்சிகள் படமாக்கப்படவே இல்லை என்ற பட்டியலை வெளியிடுவதில் அவர்களுக்கு என்ன தயக்கம்?