ரேமை ஏத்துறது இருக்கட்டும், சோதிச்சீங்களா?



மதிய சாப்பாட்டு நேரத்தில் நம்ம வகுப்பில் இப்போ ஒரே பேச்சுதான். "எங்க வீட்டு சிஸ்டத்துல ரேமை 3600-க்கு ஏத்திட்டேன்", "நான் 3733டா" என்று ஆளாளுக்குப் பெருமை அடிக்கிறோம். (நானும் அடித்தேன்.) "சரி, ஏத்தின பிறகு சோதிச்சியா?" என்று கேட்டால் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. சோதிக்காமல் ஓவர்கிளாக் செய்வது தப்பு என்பது என் கருத்து. பட்டதால்தான் எழுதுகிறேன்.

போன கோடை விடுமுறையில் கடலூரிலிருந்து பஸ் ஏறி சிதம்பரம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன், என் அண்ணன், அங்கே டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் புராஜெக்ட் டைப் அடிக்க, பைண்டிங் போட வருவார்கள். கடை சிஸ்டத்தில் 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம் இரண்டு. ஸ்டிக்கரில் 3200 என்று இருக்கு, ஆனால் பயாஸில் போய்ப் பார்த்தால் 2400-ல் ஓடுது! எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை ஆன் செய்தால் 3200 வந்துவிடும். ஆன் செய்தேன். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. 3600 என்று போட்டு, வோல்டேஜை 1.35-லிருந்து 1.4 ஆக்கினேன். விண்டோஸ் வந்தது, கேம் ஓடியது. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு அக்கா வந்தார். வைவாவுக்கு இரண்டு நாள்தான் இருக்கு. முதல் நாள் நம்ம கடையில் திருத்தி பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த இரண்டு அத்தியாயங்கள் திறக்கவே இல்லை. வேர்டு கோப்பு உள்ளுக்குள் மடித்துக் கட்டிய பொட்டலம் மாதிரி, ஒரு இடத்தில் கெட்டாலும் பிரிக்க முடியாமல் போகலாம். அண்ணன் "பென் டிரைவ் போச்சும்மா" என்றார். அக்கா அழுதுகொண்டே உட்கார்ந்து, கையெழுத்துத் தாளைப் பார்த்து அட்டவணைகளை எல்லாம் மறுபடி அடித்தார். நான் பக்கத்தில் நின்று கொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை.

அன்று ராத்திரி மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். இதற்கு விண்டோஸ் தேவையில்லை. ரேம் முழுக்க 0, 1 என்று விதவிதமாக எழுதி, எழுதினது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்கும். இருபது நிமிஷத்தில் சிவப்பு வரிகள்! மறுபடி 3200-க்கு இறக்கி விடிய விடிய ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. பென் டிரைவ் மேல் தப்பே இல்லை. காலையில் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டிய திட்டு இந்தத் தாளில் எழுதத் தக்கதல்ல.

ஏன் இப்படி ஆகிறது? ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்ன ஓட்டைக் குடம். 1966-ல் ஐ.பி.எம்.மில் ராபர்ட் டென்னார்ட் யோசித்த அமைப்பு அது: ஒரு டிரான்சிஸ்டர், மின்னேற்றம் நிற்க ஒரு கெப்பாசிட்டர். மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை எல்லாக் குடத்தையும் நிரப்பியாக வேண்டும். 8 ஜி.பி.யில் இப்படி 6,871 கோடிக்கும் மேல் குடங்கள். 3200 என்றால் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 320 கோடி தடவை தகவல் போகிறது. அதையும் தாண்டி நாம் அவசரப்படுத்தினால் எங்கோ ஒரு குடத்தைத் தப்பாகப் படித்துவிடும். திரையில் ஒன்றும் தெரியாது.

"விண்டோஸ் ஓடுதே, அதுவே டெஸ்ட்தானே?" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2003-ல் பெல்ஜியம் தேர்தலில், பிரஸ்ஸல்ஸ் பகுதி ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்குக் கணினி 4,096 ஓட்டு அதிகமாகக் காட்டியது. இருக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால் பிடிபட்டது. 4,096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு! மென்பொருளில் கோளாறு கிடைக்கவில்லை, ஒரே ஒரு பிட் புரண்டிருக்கும் என்றுதான் முடிவு செய்தார்கள். நம்ம இரும எண் பாடம்தான் இது. அந்தக் கணினியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஓவர்கிளாக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் ரேம் வேகம் கூடினால் கேமில் வித்தியாசம் தெரியும். டைப் அடிப்பதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை! ஏற்றுகிறவர்கள் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடவிட்டு விட்டு ஏற்றுங்கள். ராத்திரி மட்டும் போதாது, மே மாதத்துப் பகல் இரண்டு மணிக்கும் ஓடவிடுங்கள். சூடு ஏற ஏற மின்னேற்றம் சீக்கிரம் கசியும். ரேம் 85 டிகிரிக்கு மேல் சூடானால் இரண்டு மடங்கு வேகமாக நிரப்ப வேண்டும் என்றே விதி இருக்கிறது. அடுத்தவர் வேலை நடக்கிற சிஸ்டத்தில் கையே வைக்காதீர்கள்.

கடைசியாக, நம் ஆய்வகம் பற்றி. பீரோவுக்குப் பின்னால் 'பழுது' என்று சீட்டு ஒட்டிய நாலு சி.பி.யு. தூசி படிந்து கிடக்கிறது. யாராவது சோதித்தார்களா? கடல் ஊரின் உப்புக் காற்றில் ரேம் காலில் படலம் படிந்தாலே சிஸ்டம் ஆன் ஆகாமல் பீப் அடிக்கும். கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும் என்பது எந்த சர்வீஸ் கடைக்காரருக்கும் தெரியும். அப்படியும் வராவிட்டால் ஒவ்வொரு ரேமாக மாட்டி மெம்டெஸ்ட் போட்டால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். நாலில் இரண்டு தேறினாலும் பிராக்டிகல் வகுப்பில் ஒரே சிஸ்டத்துக்கு மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

கணினி ஆசிரியர் ஐயா, ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்து விடுங்கள். மெம்டெஸ்ட் பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. ரப்பரும் இருக்கிறது.

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்